ஏரிக்கரை இடிபாட்டுக்குப் பொறுப்பாளி யார்?

வீட்டு மராமத்தில் உடைத்தெடுக்கப்படும் செங்கல்லும் சாந்தும் தரை ஓடும் இரவோடு இரவாக ஏரிக்கரையிலும் காலிமனையிலும் கொட்டப்படுவதற்குத் தொழிலாளரின் அலட்சியமே காரணம் என்றும், அவர்களுக்கு விழிப்புணர்வு ஊட்டினால் சிக்கல் தீர்ந்துவிடும் என்றும் ஒரு கருத்து குடியிருப்போரிடையே வேரூன்றியிருக்கிறது. இக்கருத்தையும் அதற்குத் துணையாகச் சொல்லப்படும் வாதங்களையும் சென்னை போன்ற நகரின் நடைமுறையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அவற்றுள் ஒன்றும் நிலைக்கவில்லை.

கழிவை வகைபிரிக்கத் தொழிலாளருக்குத் தெரியாது என்பதே அவற்றுள் முதன்மையான வாதம். உண்மையில், பழைய வீட்டை இடிக்கும் எந்த இடத்திலும் கம்பி ஒரு பக்கமும், செம்பு ஒயர் ஒரு பக்கமும், நிலையோடு பெயர்த்த தேக்குக் கதவும் சன்னலும் தனியாகவும், உடையாத செங்கல் சாந்து தட்டி அடுக்கியும் வைக்கப்படுவதைக் காணலாம். யாரும் வகுப்பெடுக்காமலேயே இந்த வேலை நடக்கிறது. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து பெயர்த்த தூணும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்குச் சிதையாமல் வந்து சேர்வதும் இடிக்கும் கைகளின் பக்குவத்தால்தான். விலை உள்ள பொருளுக்குக் கிடைக்கும் கவனம் விலையற்ற காரைக்கும் உடைந்த ஓட்டுக்கும் கிடைப்பதில்லை என்பதே உண்மை நிலை. ஆகவே குறை அறிவில் இல்லை. அந்த உழைப்புக்குக் கூலி வைக்காத ஏற்பாட்டில் இருக்கிறது.

கொட்டுபவரே குற்றவாளி என்னும் அடுத்த வாதம் சட்டத்துக்கும் பொருந்துவதில்லை. 2016ஆம் ஆண்டின் கட்டுமான, இடிப்புக் கழிவு மேலாண்மை விதிகள், கழிவைச் சேகரித்து, வகைபிரித்து, சேமித்து, உரிய இடத்தில் ஒப்படைக்கும் கடமையைக் 'கழிவை உண்டாக்குபவர்' மீது, அதாவது கட்டவோ இடிக்கவோ முனைந்தவர் மீது சுமத்தின. நாள்கூலிக்கு வந்த சித்தாள் அந்த வரையறைக்குள் வரவில்லை. நடைமுறையிலோ உரிமையாளர் மேஸ்திரியிடம் இடித்து அள்ளுவது உட்பட மொத்தமாக ஒரு தொகை பேசி முடிக்கிறார். பத்தடி நீளமும் பத்தடி உயரமும் நாலரை அங்குலக் கனமும் கொண்ட ஒரே ஒரு செங்கல் சுவரை உடைத்தால் ஏறத்தாழ 2 டன் இடிபாடு சேரும். முக்கால் டன் மட்டுமே ஏற்றக்கூடிய குட்டி யானை வண்டிக்கு அது மூன்று லோடு. ஒவ்வொரு லோடும் தொலைவிலுள்ள சேகரிப்பு மையம் வரை போய் வந்தால் வாடகை மேஸ்திரியின் லாபத்தைத் தின்றுவிடும் என்பதால், வண்டி அருகிலுள்ள பள்ளத்தைத் தேடிப் போகிறது. அது எங்கே போக வேண்டும் என்று சொல்லும் உரிமை சுமை ஏற்றிவிட்டவருக்கு ஒருபோதும் இருந்ததில்லை.

மராமத்துக் கழிவு சொற்பம் என்பார்க்கு மேற்கண்ட சுவர்க் கணக்கே விடையாகும். நாளொன்றுக்கு 20 டன்னுக்கு மேல் அல்லது ஒரு திட்டத்தில் மாதம் 300 டன்னுக்கு மேல் கழிவு உண்டாக்குவோரே 2016ஆம் ஆண்டு விதிகளின்படி மேலாண்மைத் திட்டம் எழுதித்தர வேண்டியவர்களாக இருந்தனர். குளியலறை மாற்றுவோரும் சுவர் நகர்த்துவோரும் அந்த அளவை எட்டுவதே இல்லை என்பதால், தெருத்தெருவாக நடக்கும் இவ்வேலைகளின் கூட்டுச் சுமை எந்த ஏட்டிலும் ஏறாமல் போகிறது.

இவற்றினும் கேடு மிகுந்தது, மண்ணும் கல்லும்தானே, பள்ளத்தை நிரப்பினால் என்ன தீங்கு என்னும் வாதம். இன்றைய மராமத்துக் கழிவு மண்ணும் கல்லும் மட்டுமன்று. பொய்க்கூரைக்குப் பயன்படும் ஜிப்சம் பலகை கந்தகம் கொண்ட சுண்ணச் சேர்மம் ஆகும். அது காற்றுப் புகாத ஈரமண்ணில் புதையும்போது நுண்ணுயிரிகள் அதை அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயுவாக மாற்றுகின்றன. பழைய எண்ணெய்ப் பூச்சில் ஈயமும், கூரைத் தகட்டில் நுரையீரல் புற்றுநோய் விளைக்கும் ஆஸ்பெஸ்டாஸ் நாரும் இருக்கக்கூடும். 2022இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்ற பள்ளிக்கரணை சதுப்புநிலத்தின் ஓரங்களிலும் இடிபாடு கொட்டப்பட்டு வந்திருக்கிறது. அங்கே இழக்கப்படும் ஒவ்வோர் அடியும் மழைநீர் தங்குவதற்கான இடமாகும். இத்தீங்குக்கு முதலில் ஆளாவோரும் தொழிலாளரே. உலர்ந்த காரையையும் ஓட்டையும் உடைக்கும்போது எழும் சிலிக்காத் தூள் நுரையீரலைத் தழும்பாக்கும் சிலிக்கோசிஸ் நோயைத் தருகிறது. அதற்கு முழுக் குணமளிக்கும் மருத்துவம் இல்லை. தண்ணீர் தெளித்து உடைப்பதும், தகட்டை நொறுக்காமல் முழுதாகக் கழற்றுவதும், முகக்கவசம் அணிவதும் அவர்களின் உயிரைக் காப்பதற்கே என்பதிலிருந்து தொடங்காத பயிற்சி அவர்களிடம் எடுபடாது; எடுபட வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமன்று.

இடிபாட்டுக்குப் பயனில்லை என்பதும் தவறு. கட்டுமான ஜல்லி, மணலுக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 383, 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தில், பழைய கான்கிரீட்டை நொறுக்கிப் பெறும் ஜல்லியைச் சாதாரணக் கான்கிரீட்டில் 25 விழுக்காடு வரையிலும், எம்25 தரம் வரையிலான கம்பிக் கான்கிரீட்டில் 20 விழுக்காடு வரையிலும் சேர்க்க இடமளித்தது. தில்லியின் புராரியில் 2009 முதலே இதற்கான ஆலை இயங்குகிறது. மரத்தூளும் ஜிப்சமும் பிளாஸ்டிக்கும் கலந்து வந்தால் அந்த ஜல்லியின் தரம் கெடும். ஆகவே பிரிக்கும் வேலை உடைக்கும் இடத்திலேயே நடந்தாக வேண்டும், அதற்கு நேரமும் கூலியும் ஒதுக்கியாக வேண்டும்.

அபராதத்தைக் கூட்டினால் போதும் என்போர், அது பெரும்பாலும் பிடிபட்ட ஓட்டுநரின் தலையில் விழுவதையும், வேலை கொடுத்தவரைத் தொடாமல் போவதையும் கருதுவதில்லை. 2026 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வருவதாக அறிவிக்கப்பட்ட புதிய விதிகளும், உற்பத்தியாளரின் நீட்டித்த பொறுப்பு என்னும் கடமையை 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள திட்டங்களுக்கே விதிக்கின்றன. வீட்டு மராமத்து அதற்கு வெளியே நிற்கிறது. எனவே மராமத்துக்கு ஆள் பேசும் உரிமையாளர்கள், பிரித்து மூட்டை கட்டும் கூலியையும் சேகரிப்பு மையம் வரையிலான வண்டி வாடகையையும் ஒப்பந்தத்தில் தனி இனமாக எழுதி, மையத்தில் ஒப்படைத்த ரசீது கைக்கு வந்த பிறகே கடைசித் தவணையைக் கொடுக்க வேண்டும்.