கர்ப்பப்பை எடுத்த தாய்மாரும் கொழுந்துக் கூடையும்

எங்கள் எல்லப் பக்கத்துத் தோட்டத்தில், புற்றுநோயால் கர்ப்பப்பை எடுத்த ஒரு மாணவியின் தாய் மூன்றாம் கிழமையே கூடையோடு மலை ஏறிவிட்டார். ஆறு கிழமையாவது பாரம் தூக்கக் கூடாது. ஆனால் பேர் விழாத நாளுக்குச் சம்பளம் இல்லையே! இதைத் துணிச்சல் என்று மெச்ச எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது. தோட்டங்கள் அந்த ஆறு கிழமைக்கும் சம்பளத்தோடு லீவு கொடுக்க வேண்டும். தண்ணிக் குடம், விறகு எல்லாம் ஒப்பரேஷனுக்கு முந்தியே வீட்டு ஆம்பிளைகள் பொறுப்பெடுக்க வேண்டும்.

கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசி 2017 முதல் தரம் 6 பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலையிலேயே இலவசம். பிறகு பிள்ளை பிறக்காது என்பது வெறும் கதை. 35 வயதான தாய்மாருக்கு சுகவனிதையர் கிளினிக்கில் பெப் பரிசோதனையும் இலவசம். சம்மதக் கடிதத்தைக் கையெழுத்து இல்லாமல் திருப்பி அனுப்பிய பெற்றோரே, நாளைக்குப் பள்ளிக்கூடம் வாருங்கள், பேசுவோம்.