சாயாவுடன் கொஞ்சம் துயரம்

விடியும் நேரத்தில் ரப்பர் மரங்களில் பால்வெட்டு முடிந்துவிடும். சிரட்டையில் பால் சொட்டி நிறைவதற்கு நேரமாகும். அந்த இடைவெளியில்தான் வெள்ளறடை சாயக்கடை பெஞ்சில் உலகம் விரிகிறது. பஸ் கவிழ்ந்தது. கடன் தொல்லையில் ஒரு குடும்பமே அழிந்தது. மகன் தாயை வெட்டினான். "என்ன காலம் ஓய் இது" என்று ஒரு பெருமூச்சு. பேப்பர் அடுத்தவர் கைக்குப் போகிறது.

கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டாரத்தில், தமிழக எல்லையை ஒட்டிய ஊர் இது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தமிழகத்துக்குப் போனது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எனவே இங்கே துயரமும் இரண்டு மொழிகளில் வருகிறது.

மலையாளப் பத்திரிகைகளில் மரணச் செய்திகளுக்கென்றே தனிப் பக்கம் உண்டு. பலர் அதைத்தான் முதலில் புரட்டுவார்கள். இது விபரீத ரசனை அல்ல. யார், எந்த ஊர், அடக்கம் எத்தனை மணிக்கு என்று தெரிந்தால் குளித்துவிட்டுக் கிளம்பலாம். அந்தச் செய்தி வாசகரிடம் ஒரு காரியத்தை எதிர்பார்க்கிறது. முதல் பக்கத்துச் சாவுகள் எதையும் கேட்பதில்லை. பயத்தை மட்டும் தந்துவிட்டுப் போகின்றன.

ஏன் எப்போதும் கெட்ட செய்தியே? நார்வே ஆய்வாளர்கள் யோஹான் கால்துங்கும் மாரி ரூகேயும் 1965இல் ஒரு விளக்கம் தந்தார்கள். கெட்டது சட்டென்று நடந்துவிடும். நாளிதழின் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். நல்லதற்கு ஆண்டுகள் பிடிக்கும். 1991 ஏப்ரல் 18 அன்று கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. அது செய்தி. அதற்கு முன் பல பத்தாண்டுகள் கிராம நூலகங்களில் விளக்கேற்றிவைத்து எழுத்துக் கூட்டியவர்களின் உழைப்பு எந்த நாளின் செய்தியும் அல்ல.

கெட்டதிலும் இதே கதைதான். வெள்ளறடைக்குப் பக்கத்தில் உள்ள அம்பூரியில் 2001 நவம்பர் 9 அன்று மலை சரிந்து 40 பேர் வரை இறந்தார்கள். சில நாள் தலைப்புச் செய்தி. மாதவ் காட்கில் தலைமையிலான நிபுணர் குழு 2011இல் மேற்குத் தொடர்ச்சி மலை பற்றி அறிக்கை தந்தது. வயநாட்டின் வைத்திரி தாலுகாவை அதிகப் பாதுகாப்பு தேவைப்படும் முதல் மண்டலத்தில் வைத்தது. அந்த அறிக்கை எதிர்ப்பில் சிக்கிக் கிடப்பில் போனது. 2019இல் புத்துமலை, கவளப்பாறை. 2020இல் பெட்டிமுடி. 2024 ஜூலை 30 அன்று அதே வைத்திரி தாலுகாவின் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணில் புதைந்தன. 200க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஒவ்வொரு முறையும் அதே பெருமூச்சு. ஒரு சரிவுக்கும் அடுத்த சரிவுக்கும் இடையில் என்ன செய்யப்பட்டது என்ற கேள்விக்கு மட்டும் பேப்பரில் இடமில்லை. பெஞ்சிலும் இல்லை.

விடாமல் கேட்ட ஒருவர் இதே நெய்யாற்றின்கரையில்தான் பிறந்தார். வக்கம் அப்துல் காதர் மௌலவி 1905இல் தொடங்கிய 'சுதேசாபிமானி' பத்திரிகைக்கு 1906இல் ஆசிரியரான ராமகிருஷ்ண பிள்ளை. திருவிதாங்கூர் நிர்வாகத்தின் ஊழலை ஒரு நாள் எழுதிவிட்டு மறுநாள் வேறு விஷயத்துக்குத் தாவியவர் அல்ல, ஆண்டுக்கணக்கில் எழுதினார். 1910 செப்டம்பர் 26 அன்று அச்சகம் பறிமுதலானது, அவர் நாடு கடத்தப்பட்டார். 1916இல் கண்ணூரில் இறந்தபோது வயது 37. அவர் தந்ததும் கசப்பான செய்திகள்தான். ஆனால் அவற்றைப் படித்துக் கலங்கியது வாசகர் அல்ல, திவான்.

இப்போது பெஞ்சுக்கு வரும் முன்பே கைப்பேசி எல்லாத் துயரத்தையும் சொல்லிவிடுகிறது. பெருமூச்சு விடவும் பக்கத்தில் ஆள் இல்லை. பேப்பர் படிப்பதையே விட்டுவிட்டோம் என்கிறவர்களும் உண்டு. நிம்மதிதான்; ஆனால் அந்த நிம்மதி மலையைத் தாங்கிப் பிடிக்காது.

சாயக்கடைக்காரர்கள் விடாமல் தொடரும் செய்தி ஒன்று உண்டு: ரப்பர் விலை. நேற்று என்ன, போன வாரம் என்ன, ஏன் குறைந்தது, யாரால் குறைந்தது என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். மலையைப் பற்றியும் அதே கணக்கைக் கேட்கலாம். சிரட்டை நிறைய இன்னும் நேரமிருக்கிறது.