ஞாயிறு இரவு திரும்பி வருதல்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு தம்பி தொலைபேசியில் அழைத்தான். குரலில் கோபம் தெரிந்தது.

“அண்ணை, இவள் படிக்கப் போனவளோ, ஊர் சுற்றப் போனவளோ? ஒவ்வொரு சனியும் ஒவ்வொரு ஊரில நிண்டு படம் அனுப்புறாள். நீங்கள் சொன்னால்தான் கேப்பாள்.”

அவனுடைய மகள், என் பெறாமகள், ஜேர்மனியின் மேற்கு எல்லையில் உள்ள ஆகன் நகரில் முதுகலைப் படிப்புப் படிக்கின்றாள். முதலில் கொலோன் தேவாலயத்தின் முன் எடுத்த படம் வந்தது. பின்னர் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட், அதன் பின்னர் பெல்ஜியத்தின் லியேஜ். கடைசியாகப் பிரசெல்ஸ். குடும்பத்தாரின் வாட்ஸ்அப் குழுவில் மாமிமாரும் சித்திமாரும் வாய்க்கு வந்தபடி கருத்துரைத்து முடித்திருந்தார்கள். தம்பி கேட்டபடி அவளைக் கண்டிக்க என்னால் முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

ஆகன் மூன்று நாடுகளின் எல்லைகள் சந்திக்கும் இடத்துக்கு அருகில் இருக்கின்றது. நெதர்லாந்தும் பெல்ஜியமும் அங்கிருந்து நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குப் போய்வருகின்ற தூரத்துக்குள் வந்துவிடுகின்றன. இரண்டாம் உலகப் போரில் எதிரெதிரே நின்ற நாடுகளின் எல்லைகள் அவை. 1985 இல் லக்சம்பேர்க்கின் ஷெங்கன் என்ற சிற்றூரில் ஓர் உடன்படிக்கை கைச்சாத்தானது. அதன் வழி இன்று 29 நாடுகளிடையே நிரந்தரச் சோதனைச் சாவடிகள் இல்லாமற் போயின. பெறாமகள் சனி காலை புறப்படுகிறாள். ஞாயிறு மாலை திரும்புகிறாள். எங்கே போகிறாய், ஏன் போகிறாய், யார் பிணை நிற்பது என்று ஒருவரும் அவளைக் கேட்பதில்லை.

எங்களைக் கேட்டார்கள்.

1991 இல் நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கலைப்பீடத்தில் சேர்ந்தேன். அதற்கு முந்திய ஆண்டே யாழ்தேவி நின்றுவிட்டது. மின்சாரம் இல்லை. பெற்றோல் கண்ணில் காண முடியாத பொருள். எங்கள் வார இறுதிப் பயணம் என்பது சைக்கிளில் தொண்டைமானாற்றுக்கோ மணற்காட்டுக்கோ போய் வருவதுதான். காரைநகர்க் கசூரினாக் கடற்கரைகூடப் போக முடியாத இடமாகியிருந்தது. குடாநாட்டை விட்டு வெளியேற வேண்டுமானால் இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும். அதற்கு ஒருவரைப் பிணை வைக்க வேண்டும். பின்னர் கிளாலியில் இரவுப் படகு, வவுனியாவில் இராணுவத்தின் விசாரணை, கொழும்பில் பொலிஸ் பதிவு. வெள்ளிக்கிழமை புறப்பட்டு ஞாயிறு திரும்புவதை யார் நினைத்துப் பார்க்க முடியும்? புறப்பட்டவர் திரும்புவார் என்பதே நிச்சயமில்லாத காலம் அது.

என் வகுப்பு மாணவர்கள் எல்லோரும் ஒரே பாதையில் ஒன்றாகச் சென்ற பயணம் ஒன்றே ஒன்றுதான். 1995 ஒக்டோபர் 30 இரவு, மழையில், வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்ததே அது. அதை நான் சுற்றுலாக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பட்டம் பெற்றுப் பத்திரிகையில் சேர்ந்த பிறகும் நிலை பெரிதாக மாறவில்லை. 2002 ஏப்ரல் 8 ஆம் திகதி ஏ9 வீதி திறக்கப்பட்ட பின்னரே நான் முதன்முதலாகக் காலியையும் மாத்தறையையும் கண்டேன். அப்போது எனக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. அதற்கு முன் பல ஆண்டுகளாகத் தென்னிலங்கை அரசியலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். தெற்கைக் காணாமலே தெற்கைப் பற்றி எழுதினேன் என்பதை இன்று வெட்கத்துடன்தான் ஒப்புக்கொள்கிறேன். சீருடை அணிந்து துவக்குடன் வந்தவர்களைத் தவிர வேறு சிங்களவர் எவரையும் என் மாணவப் பருவத்தில் நான் சந்திக்கவில்லை. என்னைப் போல் தெற்கில் அமர்ந்துகொண்டு வடக்கைக் காணாமலே எழுதியவர்களும் இருந்தார்கள். இரு தரப்பு எழுத்துகளும் இந்நாட்டுக்கு என்ன நன்மை செய்தன?

படிக்கப் போன இடத்தில் ஊர் பார்ப்பது படிப்புக்குப் பகை என்று நினைப்பவர்கள் தனிநாயகம் அடிகளாரை நினைத்துப் பார்க்கட்டும். ஊர்காவற்றுறைக் கரம்பொனில் 1913 இல் பிறந்த அவர் 1930களில் உரோமாபுரியில் இறையியல் கற்றார். பின்னர் நாடு நாடாகச் சென்றார். போன இடங்களிலெல்லாம் நூலகங்களின் கதவைத் தட்டினார். 1679 இல் அச்சான அந்தாம் தெ புரோயென்சாவின் தமிழ்–போர்த்துக்கேய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டறிந்து, 1966 இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் மூலம் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். அதே ஆண்டில்தான் முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடும் கோலாலம்பூரில் நடைபெற்றது. அவர் அறையும் விரிவுரை மண்டபமுமே போதும் என்று இருந்திருந்தால் நமக்கு நட்டமே.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஜேர்மனியில் மாணவ விசா பெறுவதற்கு, 2024 செப்டெம்பர் முதல், ஆண்டுச் செலவுக்கென 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் காட்ட வேண்டியிருந்தது. தம்பி தன் தோட்டக் காணியை ஈடு வைத்தே அந்தப் பணத்தைப் புரட்டினான். இங்கிலாந்துக்குப் போன எங்கள் பிள்ளைகளில் எத்தனையோ பேர், தவணைக் காலத்தில் அனுமதிக்கப்பட்ட வாரத்துக்கு 20 மணி நேர வேலையை உணவகங்களிலும் களஞ்சியங்களிலும் செய்து கடன் அடைக்கிறார்கள். அவர்களுக்கு வார இறுதி என்பது வேலை நாள். ஆகவே தம்பியின் கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பெறாமகள் மாணவர் பயணச்சீட்டில் பிராந்திய ரயில்களில் போகிறாள், விடுதிப் பிள்ளைகளுடன் சோறு கட்டிக்கொண்டு போகிறாள், சோதனைகளில் சித்தியடைகிறாள். இதே பயணத்தை ஒரு மகன் செய்திருந்தால், “பெடியன் உலகம் படிக்கிறான்” என்று அதே மாமிமார் சொல்லியிருப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

எனக்கு உண்மையில் கவலை தருபவர்கள் ஆகனில் இல்லை, இங்கேயே இருக்கிறார்கள். பேராதனையிலும் மொறட்டுவையிலும் மாத்தறையிலும் படிக்கும் எங்கள் பிள்ளைகள் வெள்ளி இரவுப் பேருந்தில் ஏறி யாழ்ப்பாணம் வருகிறார்கள். அம்மா கட்டிக் கொடுக்கும் மிளகாய்த்தூளோடும் பருத்தித்துறை வடையோடும் ஞாயிறு இரவு திரும்புகிறார்கள். நான்கு ஆண்டுகள் முடிகின்றன. அந்த ஊரை அவர்கள் காண்பதில்லை. உருகுணைப் பல்கலைக்கழகத்துக்குச் சற்றுத் தொலைவில்தான் தெவிநுவர இருக்கின்றது. போர்த்துக்கேயர் 1588 இல் இடித்த தென்னாவரம் கோயில் நின்ற ஊர் அது. 1911 இல் காலியில் கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டு, சீனத் தளபதி செங் ஹே 1409 ஆம் ஆண்டிட்டுப் பொறித்தது. அது சீனத்திலும் பாரசீகத்திலும் தமிழிலும் பேசுகின்றது. அதன் தமிழ்ப் பகுதி தென்னாவரை நாயனாரைப் போற்றுகின்றது. தெற்கில் தமிழின் தடத்தைக் காண்பதற்காக மட்டும் நான் போகச் சொல்லவில்லை. அந்த ஊர்ச் சந்தையில் தேங்காய் விற்கும் மனிதரோடு இரண்டு வார்த்தை பேசுவதற்காகவும் போக வேண்டும். அதேபோல யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் படிக்கும் சிங்கள மாணவர்கள் நயினாதீவு விகாரையோடு நின்றுவிடாமல் எங்கள் வீதிகளிலும் நடக்க வேண்டும்.

2014 இல் யாழ்தேவி மீண்டும் வந்தது. 2019 இல் பலாலி சர்வதேச விமான நிலையமாயிற்று. பாதைகள் திறந்த பிறகும் நாங்கள் பழைய வட்டத்துக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தால் அந்த வேலியை இப்போது போட்டிருப்பது யார்? நான்கு வார இறுதிகளில் ஒன்றையேனும் அறியாத ஓர் ஊருக்குக் கொடுங்கள் என்பதே மாணவர்களிடம் என் வேண்டுகோள். பெற்றோரிடமும் அதையே கேட்கிறேன்.

அன்றிரவு தம்பி பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். பின்னர் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

“இப்ப பிள்ளை எங்கை?”

“இப்பதான் அறைக்கு வந்திட்டன் எண்டு செய்தி போட்டவள்.”

“திரும்பி வந்திட்டாள்தானே? பிறகென்ன, நீ போய்ப் படு” என்றேன்.