நுகப்புத் தீவின் இரத்தசாட்சி

ஆக்லாந்தின் வெஸ்ட்கேட்டில் வாழும் தமிழர் பலர் விடுமுறை நாளில் குடும்பத்தோடு சென்று காற்று வாங்கும் மிஷன் பே கடற்கரைக்கு அப்பெயர் வரக் காரணமான, பசிபிக் தீவுகளில் பணியாற்றிய மெலனீசிய மிஷனின் கல் வீடு இன்றும் அங்கே நிற்கிறது. அங்கே தீவுச் சிறுவர்களுக்குக் கல்வி புகட்டி, 1861-இல் இதே ஆக்லாந்தில் மெலனீசியாவின் முதல் அத்தியட்சராக அபிஷேகம் பெற்ற ஜான் கோல்ரிட்ஜ் பாட்டிசனைத் திருச்சபை இரத்தசாட்சியென்று போற்றுகிறது. போற்றட்டும், ஆனால் அம்மரணத்தின் காரணத்தைப் பக்திப் பிரகாசத்தில் மறையவிடுவது நியாயமன்று என்பது என் அபிப்பிராயம்.

லண்டன் நீதிபதி ஒருவரின் மைந்தராகப் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் பயின்று, இருபதுக்கு மேற்பட்ட தீவு மொழிகளைக் கற்றுத் தேர்ந்து, ‘சதர்ன் கிராஸ்’ கப்பலில் தீவு தீவாகச் சென்று வந்த அவர், 1871 செப்டம்பர் 20 அன்று மெலனீசியாவின் நுகப்புத் தீவில் தனியாகக் கரையேறியபோது கொல்லப்பட்டார். பாயில் சுற்றப்பட்டு ஓடமொன்றில் மிதந்து வந்த உடலின்மேல் ஐந்து முடிச்சுகள் இட்ட ஓலை கிடந்தது. ஆள் பிடிக்கும் கப்பலொன்று அத்தீவிலிருந்து ஐவரைக் கவர்ந்து சென்றதற்குப் பழி இது என்று மிஷனார் பொருள் கொண்டனர். அவ்விளக்கத்தைப் பிற்கால ஆராய்ச்சியாளர் சிலர் ஐயுற்றதும் உண்டு. எனினும் குவீன்ஸ்லாந்துக் கரும்புக்கும் பிஜித் தீவின் பருத்திக்கும் மனிதரை வலைவீசிப் பிடித்த அந்த வியாபாரம் ஐயத்துக்கு அப்பாற்பட்டது. அதற்குச் சட்டம் வேண்டுமென்று அத்தியட்சரே அவ்வாண்டுத் தொடக்கத்தில் முறையிட்டிருந்தார்.

அக்கொலையை விசாரிக்கவென்று நுகப்புக்குச் சென்ற ‘ரொசாரியோ’ என்ற போர்க்கப்பல், அம்பெய்த தீவினர்மேல் பீரங்கியால் சுட்டது. என்னே விபரீதம்! மறு ஆண்டு, 1872-இல், ஆள் கடத்தலைத் தடுக்கும் சட்டத்தை லண்டன் பார்லிமெண்ட் இயற்றியது. தோட்டங்களின் பசி மட்டும் அடங்கவில்லை. 1879 முதல் கல்கத்தாவிலிருந்தும் 1903 முதல் சென்னையிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகள் பிஜிக்குக் கப்பலேறினர். கவுண்டர், பிள்ளை என்ற பெயர்களோடு இன்று மேற்கு ஆக்லாந்தில் நம்மிடையே வாழும் பிஜித் தமிழர் சென்னையிலிருந்து சென்ற அக்கூலிகளின் சந்ததியார். ஆதலால், பாட்டிசனின் சரித்திரத்தை ஆங்கிலத் திருச்சபைக்கு மட்டும் உரியதாக விட்டுவிடாமல், கூலிக் கப்பல்களின் கதையோடு சேர்த்தே நம் தமிழ்ப் பள்ளிகளில் சொல்லித்தர வேண்டும்.