டீச்சர், அந்தக் கடிதம்...

நம் நாட்டு அரச பல்கலைக்கழகம் ஒன்றுக்குள் நுழைய எந்த ஆசிரியையின் சிபார்சுக் கடிதமும் வேண்டியதில்லை. உயர்தரப் பெறுபேறு வந்தால் இஸட் புள்ளி இருக்கிறது, மாவட்ட ஒதுக்கீடு இருக்கிறது, வெட்டுப்புள்ளி இருக்கிறது. வகுப்பில் நாம் எப்படிப்பட்டவர்கள் என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு யாரிடமும் விசாரிப்பதில்லை. ஆகவே சிபார்சுக் கடிதம் கேட்பதில் நமக்கும் பழக்கமில்லை, எழுதுவதில் நம் ஆசிரியைகளுக்கும் பழக்கமில்லை. நாம் அறிந்ததெல்லாம் பாடசாலையை விட்டு விலகும்போது கிடைக்கும் நற்சான்றிதழ்தான். அதில் பெயரை மாற்றினால் போதும், எல்லோருமே கீழ்ப்படிவும் நன்னடத்தையும் உள்ள மாணவிகள்தான்.

வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு 'கொமன் அப்ளிகேஷன்' என்ற ஒரே இணையத்தளத்தின் மூலம் விண்ணப்பிக்கலாம். அங்கே மாணவி தன் ஆசிரியையின் மின்னஞ்சல் முகவரியைக் கொடுக்க வேண்டும். அழைப்பு நேரே ஆசிரியைக்குப் போகும். அவர் கடிதத்தை எழுதி நேரே ஏற்றிவிடுவார். 1974ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டமொன்று அந்தக் கடிதத்தைப் பின்னர் பார்க்கும் உரிமையை மாணவிக்குத் தருகிறது. ஆனாலும் பெரும்பாலானோர் அந்த உரிமையை விட்டுக்கொடுத்தே விண்ணப்பிக்கிறார்கள், அப்போதுதான் கடிதத்துக்கு மதிப்பு. கடிதத்தோடு ஒரு படிவமும் உண்டு. இந்த மாணவி சராசரியா, முதல் 10 வீதத்துக்குள் வருபவளா, சேவைக்காலத்தில் நீங்கள் கண்ட மிகச் சிலரில் ஒருத்தியா என்றெல்லாம் அதில் கேட்பார்கள். முந்திய சுற்றுக்கு முடிவுத் திகதி பெரும்பாலும் நவம்பர் 1 அல்லது 15. வழமையான சுற்றுக்கு ஜனவரியின் முதல் நாட்கள். மாணவி தன் பகுதியை எவ்வளவு ஒழுங்காக முடித்திருந்தாலும் ஆசிரியையின் கடிதம் போய்ச் சேரும்வரை விண்ணப்பம் பூர்த்தியாகாது.

அந்தக் கடிதம் தாமதமானால் என்ன செய்வது? கேட்க வேண்டும் என்பதே என் கருத்து. ஒரு தரம் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பதல்ல, தேவைப்பட்டால் மூன்று தரமும் கேட்க வேண்டும். 'டீச்சரிடம் திரும்பத் திரும்பக் கேட்பது மரியாதைக் குறைவு' என்று வீட்டில் நமக்குச் சொல்லித் தரும் பாடத்தோடுதான் எனக்குச் சண்டை.

என் பெரியம்மாவின் மகளுக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான் அவளை ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். உயிரியல் டீச்சரிடம் செப்டெம்பர் மாதத்தில் கடிதம் கேட்டாள். 'இன்ஷா அல்லாஹ், எழுதுவோம் மகள்' என்றார் டீச்சர். ஒக்டோபர் முடிந்தது. தளத்தில் போய்ப் பார்த்தால் கடிதம் வரவில்லை என்றே காட்டியது. பெரியம்மா, 'ரெண்டாம் தரம் கேட்டா டீச்சர்ர மனசு நோகும், பொறுத்திரு' என்றார். கட்டாரிலிருந்து பெரியப்பா குரல் பதிவு அனுப்பினார். நல்ல சாரி ஒன்று வாங்கிக்கொண்டு போய்க் கொடுக்கச் சொல்லி! ராத்தா சாரியும் கொடுக்கவில்லை, கேட்கவும் இல்லை. நவம்பர் 15 கடந்து போனது. அவள் மிகவும் விரும்பிய பல்கலைக்கழகத்தின் முந்திய சுற்றை அப்படியே விட்டுவிட்டாள். ஆசிரியையின் கடிதம் சில நாட்கள் பிந்தினாலும் பல பல்கலைக்கழகங்கள் பொறுத்துக்கொள்ளும், மாணவியின் பகுதி மட்டும் உரிய நாளில் வந்தால் போதும் என்பது அவளுக்கு அப்போது தெரியாது. எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

டிசம்பர் விடுமுறையில், அரைமனதோடு வந்த பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு டீச்சரின் ஊருக்கு பஸ் ஏறினாள். டீச்சர் கோபிக்கவில்லை. தேத்தண்ணி கொடுத்து உட்கார வைத்துவிட்டு அவர் சொன்னதை ராத்தா எனக்கு அப்படியே சொல்லிக் காட்டினாள்: 'மகள், நாலு தரம் எழுதிக் கிழிச்சிட்டன். நான் தமிழ்ல படிச்சு, தமிழ்லதான் இத்தன வருஷமாப் படிச்சுக் கொடுக்கிறன். அங்க இரிக்கிறவங்க என்ட இங்கிலீசப் பார்த்து ஒன்னப் பத்திக் குறைவா நினைச்சிருவாங்களோ எண்டு பயம்.'

இதைக் கேட்டபோது எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. மாணவி வெட்கத்தில் கேட்காமல் இருந்தாள், டீச்சர் வெட்கத்தில் சொல்லாமல் இருந்தார். இருவரும் ஒருவரையொருவர் மதித்ததால்தான் மூன்று மாதம் வீணாகியது. இதை மரியாதை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அன்றைக்கே வழியும் கிடைத்துவிட்டது. ஆய்வுகூடத்தில் வகுப்பு முழுவதற்கும் இரண்டே இரண்டு நுணுக்குக்காட்டிகள் இருந்த காலத்தில், யார் எப்போது பார்ப்பது என்று ராத்தாதான் முறை போட்டு எழுதி வைத்தாளாம். ஒவ்வொரு செயன்முறை வகுப்பிலும் கடைசியாகப் பார்த்தவளும் அவள்தானாம். 'அதைத்தான் எழுத நினைச்சன்' என்றார் டீச்சர். அதைத் தமிழிலேயே எழுதினார். ஆங்கில ஆசிரியை ஒருவர் மொழிபெயர்த்துக் கையொப்பமிட்டார். ஜனவரிக்கு முன்பே இரண்டும் சேர்ந்து ஏறிவிட்டன. ஆங்கிலத்தில் இல்லாத ஆவணத்தை மொழிபெயர்ப்போடு அனுப்புவது எங்கும் நடப்பதுதான். மாணவியே அதை மொழிபெயர்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

ராத்தாவுக்கு அந்த வருடம் எங்கும் முழு நிதி உதவி கிடைக்கவில்லை. முந்திய சுற்றில் போட்டிருந்தால் கிடைத்திருக்குமா என்பதை அல்லாஹ்வே அறிவான். அவள் இப்போது இங்கேயே படிக்கிறாள், சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். ஆனால் ஒரு கதவைத் தட்டாமலே திரும்பி வந்துவிட்டோம் என்று பெரியம்மாதான் இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆசிரியைகள் பக்கத்தையும் பார்க்க வேண்டும். நமக்கு ஒரு கடிதம்தான், அவருக்கு மூன்று வகுப்புகள். இடையில் தவணைப் பரீட்சை, செயன்முறை, விடைத்தாள் திருத்தம், இல்ல விளையாட்டுப் போட்டி. வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சில வேளை அந்த மின்னஞ்சல் தேவையற்ற அஞ்சல்களுக்குள் போய் விழுந்து, அவர் கண்ணிலேயே பட்டிருக்காது. தாமதம் என்றவுடன் 'அவர் என்னை விரும்பவில்லை' என்று முடிவெடுப்பது நம்முடைய கற்பனை.

ஆனால் ஒரு வழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. 'நீயே எழுதிக்கொண்டு வா, நான் கையெழுத்துப் போட்டுத் தாறன்' என்பது. இது உதவியாகத்தான் சொல்லப்படுகிறது. நேரம் நெருங்கும்போது நாமும் சந்தோஷமாக ஒத்துக்கொள்வோம். ஆனால் சிபார்சுக் கடிதம் ஒரு சாட்சியம். தனக்குத் தானே சாட்சி சொல்லிவிட்டு இன்னொருவரின் பெயரைப் போடுவதை வேறெந்த இடத்தில் நாம் சரி என்போம்? அதோடு, நம்மைப் பற்றி நாமே எழுதினால் பரிசுகளையும் பதவிகளையும்தான் எழுதுவோம். அந்த நுணுக்குக்காட்டி முறையை ராத்தா ஒருநாளும் எழுதியிருக்க மாட்டாள். அவளுக்கு அது ஞாபகமே இல்லை. டீச்சருக்கு என்ன எழுதுவது என்று தெரியாவிட்டால், நாம் படித்த வருடங்கள், செய்த செயற்றிட்டங்கள், விண்ணப்பிக்கும் பாடநெறி, முடிவுத் திகதி ஆகியவற்றை ஒரே பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுக்கலாம். அந்தத் தகவல்களிலிருந்து கடிதத்தை எழுதுபவர் அவராகவே இருக்க வேண்டும்.

இன்னொன்று சொன்னால் பெரியவர்கள் கோபிக்கக் கூடாது. 'இன்ஷா அல்லாஹ்' என்ற சொல் நம்மிடையே 'பார்ப்போம்' என்பதாகவும், சில வேளை 'முடியாது' என்பதாகவும் ஆகிவிட்டது. உண்மையில் அது செய்யப்போகும் ஒரு காரியத்தை அல்லாஹ்வின் நாட்டத்தோடு சேர்த்துச் சொல்லும் உறுதிமொழி. எழுத முடியாத ஆசிரியை முதல் வாரத்திலேயே 'என்னால் முடியாது மகள், வேறு டீச்சரைக் கேளுங்கள்' என்று சொன்னால் அதுவே பெரிய உதவி. அதைக் கேட்டு முகம் சுருங்காமல் இருக்க நாமும் பழக வேண்டும்.

கேட்கும் முறையும் இருக்கிறது. குறைந்தது ஒரு மாதம், முடிந்தால் இரண்டு மாதம் முன்பே, நேரில் போய்க் கேட்க வேண்டும், ஓய்வறை வாசலில் எல்லோர் முன்னிலையிலும் அல்ல. முடிவுத் திகதிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒருமுறை, ஒரு வாரம் இருக்கும்போது ஒருமுறை நினைவூட்டலாம். 'ஏன் இன்னும் எழுதவில்லை' என்று தொடங்காமல், 'டீச்சர், அந்தக் கடிதத்துக்கு நான் இன்னும் ஏதாவது தகவல் தர வேண்டுமா?' என்று கேட்டால் அவர் மனதில் உள்ளதும் வெளியே வரும். வகுப்பு வட்ஸ்அப் குழுவில் அதைப் போட வேண்டாம். வாப்பாமார் அதிபரிடம் போய் முறையிடுவதும் வேண்டாம், அதற்குப் பிறகு வரும் கடிதம் எப்படி இருக்கும்? கடைசி நாட்களில் இன்னொரு ஆசிரியையிடம் போக நேர்ந்தால் முதலாமவரிடம் சொல்லிவிட்டே போக வேண்டும். அதற்கும் முடியாவிட்டால் அந்தப் பல்கலைக்கழகத்துக்கே மின்னஞ்சல் எழுதி, கடிதம் சில நாட்கள் பிந்தும் என்று அறிவிக்கலாம். கொழும்பிலுள்ள ஃபுல்பிரைட் ஆணைக்குழுவில் அமெரிக்கப் படிப்புக்கான ஆலோசனை நிலையம் இருக்கிறது, அங்கும் விசாரிக்கலாம்.

அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் சூரத்துல் பகராவில் இருக்கிறது. கடன் கொடுக்கல் வாங்கலைத் தவணை குறித்து எழுதிக்கொள்வதைப் பற்றியது அது. எழுதத் தெரிந்தவர் எழுத மறுக்கக் கூடாது, சாட்சிகள் அழைக்கப்பட்டால் மறுக்கக் கூடாது என்றும் அதில் வருகிறது. அது கடனைப் பற்றியது, கடிதத்தைப் பற்றியதல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனாலும், திகதியைக் குறித்து எழுதி வைப்பது ஒருவரை நம்பாமையின் அடையாளமல்ல என்பதை நான் அங்கிருந்துதான் விளங்கிக்கொண்டேன்.

ஆகவே நம் கல்லூரியில் ஒரு கொப்பி வைக்கலாம் என்று நினைக்கிறேன். பிரதி அதிபரின் அறையில் அது இருக்கட்டும். கடிதம் கேட்கும் மாணவியின் பெயர், கேட்ட நாள், முடிவுத் திகதி, ஆசிரியையின் சுருக்கொப்பம். முடியாது என்றால் அதையும் எழுத ஒரு நிரல். இரண்டு வாரத்துக்கு முன் நினைவூட்டும் வேலையை மாணவத் தலைவிகள் எடுத்துக்கொண்டால், எந்தப் பிள்ளையும் தனியாக ஓய்வறை வாசலில் போய் நிற்கத் தேவையில்லை. அடுத்த தவணையில் நடக்கும் மாணவத் தலைவிகள் கூட்டத்தில் இதைக் கேட்க இருக்கிறேன். முதல் பெயராக என் பெயரை எழுதத் தயார். நான் கேட்கப்போகும் புவியியல் டீச்சருக்கு இது இன்னும் தெரியாது.