மெகாபிக்சலை விடுங்க, செல்லு இருக்கா?

ரொம்ப நாளா மனசுல கிடந்து உருள்ற விஷயம் மக்களே. இன்னிக்கு இறக்கி வெச்சிடறேன்.

செத்துப்போச்சுன்னு நாமெல்லாம் முடிவு கட்டின சின்ன டிஜிட்டல் கேமரா எந்திரிச்சு உக்காந்திருக்கு. வீட்டுல காலேஜ் போற பசங்க இருந்தா உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். 2005, 2007 வாக்குல நாம வாங்கி, போன் வந்ததும் பீரோவுக்குள்ள தள்ளின அதே பொட்டியை இப்ப இவங்க தேடித் தேடி வாங்கறாங்க. ஜப்பான் கேமரா கம்பெனிகளோட சங்கமான சீபா கணக்குப்படி 2010-ல லென்ஸ் கழட்ட முடியாத கேமராக்கள் 10 கோடிக்கு மேல கடைக்குப் போச்சு. 2023-ல அது 20 லட்சத்தைக்கூடத் தொடலை. அதனால பழசுக்குக் கிராக்கி வந்ததுல ஆச்சரியம் ஒண்ணும் இல்லை.

எங்க அக்கா பொண்ணும் கேட்டா. "மாமா, பழைய கேமரா ஒண்ணு வாங்கணும். எத்தனை மெகாபிக்சல் பாக்கணும்?" எனக்குச் சுர்ருன்னு ஏறிச்சு. இருபது வருஷம் கழிச்சும் அதே கேள்வியா! அன்னிக்குக் கடைக்காரர் நம்ம தலையில கட்டின கணக்கு, அடுத்த தலைமுறை வரைக்கும் வந்து சேர்ந்திருக்கு. நாலுக்கு ஆறு அங்குலத்துல நல்லா பிரிண்ட் போட 2 மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் மேல இருந்தாப் போதும். 2004-லயே சாதாரண கேமரா எல்லாம் அதைத் தாண்டிடுச்சு. அதுக்கு மேல அட்டைப்பெட்டியில ஏத்திக்கிட்டே போன நம்பர் பாதிக்குப் பாதி கடைக்கு ஆள் சேர்க்கத்தான்.

என் கட்சி இதுதான். சின்ன கேமராவைப் பத்திக் கேக்க வேண்டிய கேள்வி மூணு. அமுக்கினா உடனே எடுக்குமா? பாதி விசேஷத்துல படுத்துக்குமா? எடுத்ததை வெக்க இடம் இருக்கா? இந்த மூணுல ஒண்ணு கைவிட்டாலும் படமே கிடையாது. இல்லாத படத்துக்கு எத்தனை மெகாபிக்சல் இருந்தா என்ன?

முதல்ல வேகம். அந்தக் காலத்து சின்ன கேமரா போகஸ் பண்ற விதமே தடவிப் பாக்கற விதம். லென்ஸை முன்ன பின்ன நகர்த்தி, எந்த இடத்துல படம் கூர்மையா இருக்குன்னு தேடும். வெளிச்சம் நல்லா இருந்தா சீக்கிரம் கிடைக்கும். டியூப் லைட் வெளிச்சத்துல கண்ணு தெரியாதவர் மூக்குக்கண்ணாடி தேடற மாதிரிதான். பட்டனைப் பாதி அமுக்கி போகஸைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு, சரியான நேரத்துல முழுசா அமுக்கினா இந்தத் தாமதம் பெரும்பாலும் காணாமப் போயிடும். தாலி கட்டற மாதிரி எப்ப வரும்னு தெரிஞ்ச விஷயத்துக்கு இது சரி. தெரியாம வர்றதுக்கு?

எங்க பாட்டிக்கு முன்பல் ரெண்டு கிடையாது. சிரிச்சா உடனே முந்தானையால வாயைப் பொத்திக்குவாங்க. சிரிப்புக்கும் பொத்தறதுக்கும் நடுவுல ஒரு நொடிதான். சித்தப்பா வெச்சிருந்த கேமரா அந்த ஒரு நொடியை ஒருதடவைகூடப் பிடிக்கலை. அவர் அமுக்குவாரு, லென்ஸ் தேடும், பிளாஷ் அடிக்கும், அதுக்குள்ள முந்தானை மேல ஏறியிருக்கும். பாட்டி போய் வருஷம் பல ஆச்சு. வீட்டுல அவங்க படம் இருபதுக்குக் குறையாம இருக்கு, ஒண்ணுல கூட சிரிப்பு இல்லை. எல்லாம் 6 மெகாபிக்சல். என்ன பிரயோஜனம்? முந்தானை மட்டும் நூல் நூலா தெளிவாத் தெரியுது.

போன் கேமரா ஜெயிச்சது இந்த இடத்துலதான்னு நான் நினைக்கறேன். இப்ப வர்ற போன்கள்ல பல, நாம அமுக்கறதுக்கு முன்னாடி இருந்தே காட்சிகளைப் பிடிச்சு நினைவுல வெச்சிருக்கும். அமுக்கினதும் அந்த நேரத்துக் காட்சியை எடுத்துக் குடுத்துடும். லென்ஸ் என்னவோ குட்டிதான். ஆனா காக்க வெக்கறதில்லை.

அடுத்து பேட்டரி. கேனான் கம்பெனி 2007-ல ரெண்டு கேமரா விட்டாங்க. இக்சஸ் 70, பவர்ஷாட் ஏ570 ஐ.எஸ். ரெண்டும் 7.1 மெகாபிக்சல். இக்சஸ் ஒல்லி, சட்டைப் பையில அடங்கும், அதுக்குன்னே செஞ்ச லித்தியம் பேட்டரி. ஏ570 குண்டு, ரெண்டு பென்சில் செல்லுல ஓடும். கம்பெனி சொன்ன கணக்கு: இக்சஸ் சுமார் 210 படம். ஏ570 சாதா அல்கலைன் செல்லுல சுமார் 120, சார்ஜ் பண்ற நிக்கல் செல்லுல சுமார் 400. இந்தக் கணக்கு எடுக்கற முறையையும் சீபாதான் வகுத்திருக்கு. 30 நொடிக்கு ஒரு படம், ஒண்ணு விட்டு ஒண்ணுக்கு பிளாஷ், பத்து படத்துக்கு ஒருதடவை அணைச்சுப் போடணும். எடுத்த படத்தைச் சுத்தி இருக்கறவங்களுக்கு எல்லாம் காட்டறது இதுல சேராது. நம்ம ஊர் கல்யாணத்துல எடுக்கறதை விடக் காட்டறதுக்குத்தான் சார்ஜ் அதிகம் போகும் :-)

அல்கலைன் ஏன் அவ்வளவு சீக்கிரம் கவுத்துது? கேமராவுக்கு ஒரே இழுப்புல நிறைய கரண்ட் வேணும். அல்கலைன் செல்லால அப்படிக் குடுக்க முடியாது, வோல்டேஜ் இறங்கிடும், செல் தீந்துபோச்சுன்னு கேமரா அணைஞ்சுடும். அதே செல்லைச் சுவர்க்கடிகாரத்துல போட்டா மாசக்கணக்குல ஓடும். நிக்கல் செல்லுக்கு 1.2 வோல்ட்தான், ஆனா இழுத்த இழுப்புக்குக் குடுக்கும். பழைய நிக்கல் செல் சும்மா கிடந்தாலே சில வாரத்துல வடிஞ்சுபோற வியாதி உண்டு. 2005-ல சான்யோ கம்பெனி எனிலூப் கொண்டுவந்த பிறகு அந்தக் குறையும் பெருமளவு தீர்ந்துச்சு.

இப்ப 2007-லேர்ந்து இன்னிக்குக் குதிச்சு வாங்க. அந்த லித்தியம் பேட்டரி பல வீட்டுல உப்பிப் போய் கிடக்கு. மாத்துக்கு யாரோ செஞ்ச டூப்ளிகேட்டைத் தேடணும். சில மாடலுக்கு அதுவும் லேசுல கிடைக்காது. பென்சில் செல்? எந்த பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையிலும் கிடைக்கும். அன்னிக்கு குண்டுன்னு ஒதுக்கினது இன்னிக்கு ஓடுது, ஒல்லி படுத்துடுச்சு.

கடைசியா கார்டு. அப்ப பெட்டிக்குள்ள 16 எம்பி, 32 எம்பி கார்டு போட்டுக் குடுப்பாங்க. 7 மெகாபிக்சல் படம் ஒண்ணு சுமார் 3 எம்பி. அதாவது கூட வந்த கார்டுல அஞ்சோ பத்தோ படம். இதுக்குப் பேரு இலவசம்! அதைவிட மோசம், ஆளாளுக்கு ஒரு ஜாதி கார்டு. சோனிக்கு மெமரி ஸ்டிக். ஒலிம்பஸும் ஃபியூஜியும் சேர்ந்து 2002-ல கொண்டுவந்தது எக்ஸ்.டி. கார்டு, அது 2 ஜிபிக்கு மேல வளரவே இல்லை. கடைசியில எல்லாரும் எஸ்.டி. கார்டுக்கே வந்தாங்க. சோனியே 2010-ல வந்துட்டாங்க. வம்பு யாருக்கு? அவங்களை நம்பி வாங்கினவங்களுக்கு. பீரோவுல கிடக்கற எக்ஸ்.டி. கார்டுக்குள்ள ஒரு குடும்பத்தோட அஞ்சு வருஷம் இருக்கலாம். படிக்க ரீடர் தேடி அலையணும்.

எஸ்.டி.லயும் ஒரு பள்ளம் இருக்கு. 4 ஜிபியிலேர்ந்து 32 ஜிபி வரைக்கும் 2006-ல வந்த எஸ்.டி.எச்.சி. ஜாதி. அதுக்கு முந்தைய கேமராவுல போட்டாப் படிக்காது. பார்மேட் பண்ணியும் பிரயோஜனம் இல்லை. அங்கெல்லாம் 2 ஜிபி கார்டுதான்.

இந்த மூணும் தனித்தனி இல்லைங்கறதையும் கவனிங்க. செல் இறங்கினா பிளாஷ் திரும்ப ஏற நேரம் ஆகும், வேகம் போச்சு. கார்டு மெதுவா எழுதினா உள்நினைவு நிரம்பி கேமரா "கொஞ்சம் பொறு"ன்னு நிக்கும், அங்கயும் வேகம் போச்சு. எல்லாம் கடைசியில ஒரே கேள்விதான்: அடுத்த படத்துக்கு இது நம்மளை எவ்வளவு நேரம் காக்க வெக்கும்?

எதிர்க்கட்சிக்கும் நியாயம் உண்டு. ரெண்டு பென்சில் செல் கேமராவுல பிளாஷ் ஏற நிறைய நேரம் எடுக்கும். லித்தியம் அதுல சுறுசுறுப்பு. குண்டு கேமராவை வீட்டுலயே விட்டுட்டுப் போயிடுவோம், ஒல்லி எப்பவும் கூட வரும். சரிதான். இருந்தாலும் என் ஓட்டு பென்சில் செல்லுக்குத்தான். வெளிச்சம் இருக்கற பக்கம் நின்னு பிளாஷைத் தவிர்க்கலாம், கம்பெனி கைவிட்ட பேட்டரியை நம்மளால செஞ்சுக்க முடியாது.

பழசு வாங்கப் போறவங்க கடையில செய்ய வேண்டியது இவ்வளவுதான். செல்லும் கார்டும் கையோட கொண்டுபோங்க. போட்டு ஆன் பண்ணுங்க. பிளாஷோட வரிசையா அஞ்சு படம் எடுங்க. எத்தனை நொடி காத்திருந்தீங்கன்னு மனசுக்குள்ள எண்ணுங்க. கார்டு 2007-க்கு அப்புறம் வந்த கேமராவுக்கு 8 ஜிபி போதும், சுமார் 2,500 படம் பிடிக்கும். புதுசா வர்ற அதிவேகக் கார்டுக்குக் காசைக் கொட்டாதீங்க, அந்த வேகத்தைப் பழைய கேமராவால வாங்கிக்க முடியாது. பாடியில எத்தனை மெகாபிக்சல்னு எழுதியிருக்கற இடத்தைக் கட்டைவிரலால மறைச்சுக்கிட்டுப் பேரம் பேசுங்க.

டிஸ்கி: எந்த கேமரா கம்பெனியோடயும் எனக்குக் கொடுக்கல் வாங்கல் கிடையாது. செல் விக்கற பெட்டிக்கடை அண்ணாச்சியோட மட்டும் கொஞ்சம் பழக்கம் :-)