எட்டுப் போடத் தெரியுமா?

சென்ற மாதம் ஒரு கல்யாண வீட்டில் எனக்கும் ஒரு பெரிய மனிதருக்கும் வாக்குவாதம் வந்துவிட்டது. வாக்குவாதம் என்று சொல்வதுகூடத் தவறு. அவர் பேசினார், நான் இலையில் பாயசம் பரவுவதைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். பந்தியில் பக்கத்து இலைக்காரருக்குப் பதில் சொல்ல எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. வீட்டுக்குத் திரும்பி, வேட்டியை மாற்றிக்கொண்டு, மேஜை முன்னால் உட்கார்ந்த பிறகுதான் பதில்கள் வரிசையாக வந்து நிற்கும். எழுதிப் பிழைக்கிறவனுக்கு வாய்த்த சாபம் அது. ஆகவே அவருக்குச் சொல்ல வேண்டியதை இங்கே சொல்கிறேன். அவர் வீட்டில் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

நான் இங்கிலாந்தில், யார்க்ஷயரில் இருக்கும் என் மகள் வீட்டில் ஐந்து மாதம் தங்கிவிட்டு வந்திருந்தேன். அங்கே என்னவெல்லாம் பார்த்தீர்கள் என்று அவர் விசாரித்தார். என் பேத்தி மோட்டார் சைக்கிள் பழகுவதைப் பார்த்தேன் என்றேன்.

"அப்படியா! எவ்வளவு ஸ்பீடு போகிறாள்?"

"நடக்கிற வேகம்தான். சில சமயம் அதைவிடக் குறைவு."

"அதற்கு மோட்டார் எதற்கு சார்? மாட்டு வண்டி போதுமே!"

பந்தியே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குமுன் அவர் தம் மகனுக்கு வாங்கிக் கொடுத்திருக்கும் வண்டியைப் பற்றி ஆரம்பித்தார். அது 140 கிலோ மீட்டர் வேகத்தை அலட்சியமாகத் தொடுமாம். பையனுக்கு வயது 19.

ஐயா, மாட்டு வண்டி போதாது. ஏன் போதாது என்று சொல்கிறேன், கேளுங்கள்.

என் பேத்தி பழகிய விளையாட்டுக்கு டிரயல்ஸ் என்று பெயர். நம்மில் பலர் அதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். கற்களும் சேறும் மரவேர்களும் ஓடை நீரும் நிறைந்த ஒரு சிறு பாதையை இரண்டு கொடிகளுக்கிடையே அளந்து வைக்கிறார்கள். வலப்புறம் சிவப்பு, இடப்புறம் நீலம். அதற்குள் மோட்டார் சைக்கிளில் நுழைந்து, காலைத் தரையில் ஊன்றாமல் மறுமுனையில் வெளியே வர வேண்டும். ஒரு தடவை ஊன்றினால் ஒரு மதிப்பெண் தண்டம். இரண்டு தடவைக்கு இரண்டு. அதற்குமேல் எத்தனை முறை ஊன்றினாலும் மூன்று. விழுந்தாலோ, கொடியைத் தாண்டி வெளியே போனாலோ ஐந்து. பல போட்டிகளில் நடுவே நின்றாலே ஐந்து. யார் முதலில் வந்தார் என்று எவரும் கேட்பதில்லை. குறைவாக இழந்தவர் வென்றவர், அவ்வளவுதான். கடிகாரத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கும் போட்டிகள் இல்லாமல் இல்லை. யார்க்ஷயரிலேயே, ஸ்காட் என்ற வண்டி உற்பத்தியாளர் தம் தொழிலாளர்களுக்காக 1914ல் தொடங்கிய பந்தயம் அந்த ரகம். ஆனால் அது விதிவிலக்கு.

இந்த விளையாட்டுக்கான வண்டியைப் பார்த்தால் நம் பெரிய மனிதர் இன்னும் சிரிப்பார். அதற்கு சீட்டே கிடையாது. ஓட்டுகிறவர் ஃபுட்ரெஸ்ட்டின்மேல் நின்றுகொண்டே இருக்க வேண்டும். மொத்த எடை 70 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். பெட்ரோல் டாங்க் இரண்டு மூன்று லிட்டர் கொள்ளும். நாம் சாலையில் ஓட்டுகிற வண்டியின் பின் டயரில் 30 பவுண்டு காற்று அடிக்கிறோம்; இதில் நான்கைந்து பவுண்டுதான். டயர் குழைந்து கல்லைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக. மணிக்கட்டில் ஒரு கயிறு, அதன் நுனியில் ஒரு காந்தம். ஆள் விழுந்தால் காந்தம் பிரிந்து எஞ்சின் அணைந்துவிடும்.

என் மாப்பிள்ளைக்கும் இதில் ஆசை வந்தது. ஆண்பிள்ளைக்கு வருகிற ஆசை எப்படி வரும்? இருப்பதிலேயே பெரியது, 300 சி.சி. வேண்டும் என்றார். அந்த ஊர்ச் சங்கத்துக் கிழவர் ஒருவர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "முதல் வருஷம் அது உம்மை ஓட்டும், இரண்டாம் வருஷம் அதை விற்பீர்" என்றார். கடைசியில் யாரோ ஓட்டிப் பழகிய 250 ஒன்றை அவருக்கும், 125 ஒன்றைப் பேத்திக்கும் வாங்கினார்கள். இரண்டும் பழைய வண்டிகள். பிளாஸ்டிக் முழுவதும் கீறல். புதிது வாங்கியிருந்தாலும் முதல் ஞாயிற்றுக்கிழமையே அந்தக் கீறல்கள் வந்திருக்கும்.

முதல் நாள் பாறை எங்கே, ஓடை எங்கே என்று நான் குடையோடு தயாராகப் போனேன். பாறையும் இல்லை, ஓடையும் இல்லை. வெறும் புல்வெளி. கிழவர் இரண்டு வாளிகளைக் கவிழ்த்து வைத்து, அவற்றைச் சுற்றி எட்டுப் போடச் சொன்னார்.

எட்டு! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் ஊரில் லைசென்ஸ் வாங்கப் போகிறவன் எதைப் போட்டுக் காட்டுகிறானோ, அதே எட்டு. ஆனால் ஒரு வித்தியாசம். நாம் ஒரு நாள் காலையில் போட்டுவிட்டு, மத்தியானம் மறந்துவிடுகிறோம். அங்கே ஆறு ஞாயிற்றுக்கிழமை அதைத் தவிர வேறொன்றும் கிடையாது. முதலில் அகலமான எட்டு. பிறகு வாளிகள் நெருங்க நெருங்க, ஹாண்டில்பாரை முழுக்க ஒடித்துத் திருப்பினாலன்றி முடியாத எட்டு. கிளட்சின்மேல் ஒரே விரல். பிரேக்கின்மேல் ஒரே விரல். முழங்கால் லேசாக வளைந்திருக்க வேண்டும். பார்வை முன் சக்கரத்தில் இருக்கக்கூடாது. போக வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். திரும்பும்போது வண்டி உள்பக்கம் சாயும். உடம்பு வெளிப்பக்கம் போக வேண்டும். இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு வருகிற பெண் மறுபக்கம் சாய்ந்து நடக்கிறாளே, அந்தக் கணக்குத்தான்.

மாப்பிள்ளை முதல் வாரத்தில் பதினோரு தடவை விழுந்தார். எண்ணினேன், மாமனாருக்கு வேறென்ன வேலை? ஒவ்வொரு தடவையும் எழுந்து, விழுவதற்குக் காரணம் புல்லின் ஈரம் என்று விளக்கினார். பேத்தி விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. தடுமாறியபோது காலை ஊன்றினாள், மறுபடி கிளம்பினாள். ஆகவே அவள் சீக்கிரம் கற்றுக்கொண்டாள். வேகமாகப் போகிறவனை வண்டியின் வேகமே நிமிர்த்தி வைத்திருக்கிறது. அவனுடைய தப்புகளை அது மூடி மறைத்துக்கொண்டே போகிறது. மெதுவாகப் போகிறவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. கிளட்சை ஒரு நூலிழை அதிகம் விட்டால் வண்டி துள்ளும். குறைத்தால் எஞ்சின் அணையும். பார்வை தவறினால் உடம்பு தவறும். எல்லாம் அந்தக் கணமே வெட்ட வெளிச்சமாகிவிடும். மாட்டு வண்டியில் இது எதுவும் இல்லை. தப்பை மாடு சரிசெய்துவிடும்.

பிறகு ஒரு கட்டையை ஏறினார்கள்; பிறகு முழங்கால் உயரக் கல். இரண்டு மாதம் கழித்து ஒரு சங்கப் போட்டியில் பேத்தி கலந்துகொண்டாள். அதிலும் கிழவர் கண்டிப்பாக எளிய பாதையைத்தான் எழுதிக் கொடுத்தார். ஓட்டுமுன் பாதை முழுவதையும் காலால் நடந்து பார்க்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். எந்தக் கல் ஆடுகிறது, எந்த வேர் வழுக்கும் என்று அவள் ஒவ்வொன்றையும் மிதித்துப் பார்த்தாள். பாதையின் முனையில் மடக்கு நாற்காலியில் ஓர் அம்மாள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மதிப்பெண் போடுவது அவள் வேலை. சம்பளம் கிடையாது, நாள் முழுவதும் மழை. 10 பாதைகள், நான்கு சுற்று. பேத்தி இழந்தது 97. ஒரே ஒரு பாதையை, அதுவும் நான்காவது சுற்றில், கால் ஊன்றாமல் கடந்தாள். "தாத்தா, பூஜ்யம் வாங்கிவிட்டேன்!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள். எங்கள் குடும்பத்தில் பூஜ்யம் வாங்கிவிட்டு இவ்வளவு சந்தோஷப்பட்டவர் அதற்குமுன் எவரும் இல்லை.

இதையெல்லாம் நான் ஏன் இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்கிறேன்? அங்கே அந்தப் புல்வெளியில் நின்றபோது எனக்கு வேறொரு பையன் ஞாபகம் வந்துகொண்டே இருந்தான்.

என் சிநேகிதர் ஒருவரின் மகன். பரீட்சையில் நல்ல மார்க் வாங்கியதற்காக அப்பா அவனுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். கோயில் வாசலில் பூஜை போட்டபோது நானும் இருந்தேன். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தவன் நான்தான். பையன் பழத்தின்மேல் மெல்ல, அங்குலம் அங்குலமாக வண்டியை ஏற்றினான். அவன் அந்த வண்டியை மெதுவாக ஓட்டி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அவனும் எட்டுப் போட்டுத்தான் லைசென்ஸ் வாங்கியிருந்தான். பக்கத்து வீட்டு மொபெட்டில் போட்டது. நான்காம் மாதம், கிழக்குக் கடற்கரைச் சாலையில், விடியற்காலையில், ஒரு நாய் குறுக்கே வந்ததாம். முன் பிரேக்கை மொத்தமாக இறுக்கிப் பிடித்திருக்கிறான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பெட்டியில் மூடித்தான் கொண்டுவந்தார்கள்.

டிரயல்ஸ் பழகியிருந்தால் அவன் பிழைத்திருப்பான் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். அந்த வேகத்தில் எவன்தான் பிழைப்பான்? ஆனால் பிரேக்கை ஒரு விரலால் பிடிக்கக் கற்றுக்கொடுக்காமல், 140ஐ அவன் கையில் கொடுத்தது யார்? அப்பா கொடுத்தார். நான் எலுமிச்சம்பழம் வைத்தேன். கல்யாண வீட்டில் நான் வாய் திறக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

"உங்கள் யார்க்ஷயர் கதை இங்கே எப்படி நடக்கும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அந்த வண்டிகள் மலிவானவை அல்ல. நம் நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டிவராது. அங்கேகூட நிலத்துக்காரரின் அனுமதியில்லாமல் எவரும் சக்கரத்தை வைக்க முடியாது. கண்ட குன்றில் ஏறி மண்ணைப் பிராண்டினால் ஊரே திரண்டு வரும், வர வேண்டியதுதான். அடியும் படும். மாப்பிள்ளையின் மணிக்கட்டு மூன்று வாரம் கட்டில் இருந்தது. பூட்ஸும் தலைக்கவசமும் இல்லாமல் வாளியைச் சுற்றக்கூட கிழவர் விடவில்லை.

ஆனால் ஆரம்பிக்க அந்த வண்டிதான் வேண்டும் என்பதில்லை. கடலோனியாவில் பிறந்த டோனி போ என்பவர் 2007 முதல் 2024 வரை ஒரு வருஷம்கூட விடாமல், திறந்தவெளியிலும் அரங்கத்துக்குள்ளும் உலகப் பட்டத்தை வென்றிருக்கிறார்; மொத்தம் 36 பட்டங்கள். அவர் சிறுவயதில் ஆரம்பித்தது சைக்கிளில். பெடல் மிதிக்கிற சைக்கிளில். "பெண்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?" என்று பந்தியில் எதிர் வரிசையிலிருந்து ஒரு முணுமுணுப்பு வந்தது. லாயா சான்ஸ் என்ற பெண் இதே விளையாட்டில் பதின்மூன்று தடவை உலகப் பட்டம் வாங்கியவள் என்பதோடு அதை விட்டுவிடுகிறேன்.

பெரிய எஞ்சின்தான் ஆண்மை என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்று. ஸ்காட்லாந்தில் ஃபோர்ட் வில்லியம் என்ற ஊரைச் சுற்றி ஆறு நாள் நடக்கும் டிரயல் இந்த விளையாட்டின் காசி மாதிரி. சாமி மில்லர் என்ற பெல்ஃபாஸ்ட்காரர் 500 சி.சி. ஏரியல் வண்டியில் பேரும் புகழும் பெற்றவர். 1964 கடைசியில் அதை விட்டுவிட்டு, அதில் பாதியளவே இருந்த புல்டாகோ என்ற ஸ்பானிய வண்டிக்கு மாறினார். 1965ல் அந்த ஆறு நாள் போட்டியை அதில் வென்றார். வெளிநாட்டு வண்டி ஒன்று அங்கே வென்றது அதுதான் முதல் தடவை.

அது போகட்டும். கல்யாண வீட்டுப் பெரிய மனிதர் ஒரு புல்லட் வைத்திருக்கிறார். அதன் சத்தத்தைப் பற்றி அவருக்குப் பெருமை அதிகம்; தெருமுனையில் வரும்போதே வீட்டில் காபி கலக்க ஆரம்பித்துவிடுவார்களாம். அந்தப் புல்லட் எங்கே பேர் வாங்கியது என்று அவருக்குத் தெரியுமா? 1952லும் 1957லும் ஜானி பிரிட்டன் என்ற ஆங்கிலேயர் 350 சி.சி. ராயல் என்ஃபீல்டு புல்லட்டை ஓட்டி அந்த ஸ்காட்லாந்துப் போட்டியை வென்றார். சேற்றிலும் கல்லிலும், நடக்கிற வேகத்தில்! 1955ல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா ஆரம்பமாகி, திருவொற்றியூரில் புல்லட் உருவாகத் தொடங்கியபோது, இந்தக் கீர்த்தியையும் சுமந்துகொண்டுதான் அது நம் ஊருக்கு வந்தது. 2019ல் அந்தக் கம்பெனியே பிரிட்டனின் ஞாபகார்த்தமாக 'புல்லட் டிரயல்ஸ்' என்று ஒரு வண்டியை இங்கே விற்றுப் பார்த்தது. அடுத்த வருஷமே நிறுத்திவிட்டார்கள். நாம் சத்தத்தை மட்டும் வாங்கிக்கொண்டோம்.

ஐயா, உங்கள் மகன் பந்தியில் நமக்குச் சாம்பார் பரிமாறினான். நிரம்பிய வாளியோடு, ஒரு சொட்டுச் சிந்தாமல், இலைகளுக்கு நடுவே போனதைப் பார்த்தேன். கையில் நிதானம் இருக்கிற பையன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு எங்கள் தெருக்கோடி மைதானத்தில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். 140ஐ வீட்டில் விட்டுவிட்டு, ஹெல்மெட்டும் ஒரு பழைய மொபெட்டுமாக அவனை அனுப்பிவையுங்கள். வாளிகள் இரண்டும் என்னிடம் இருக்கின்றன.